அம்மா அப்பாவுக்கு ஸ்டிக் வாங்கலாமா, இல்லை டிவியையே மாற்றிவிடலாமா?

காவிரிக்கரை
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், விவரம் இல்லாமல் கேட்டால் சரியான பதில் கிடைக்காது.

மயிலாடுதுறையில் அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கிறார்கள், நான் கோவையில். வீட்டில் 2016இல் வாங்கிய 32 அங்குல எல்இடி டிவி. அப்போது ஸ்மார்ட் டிவி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். படம் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது, ஒரு கோடு கூட விழவில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் யூடியூப் திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது, மற்ற ஓடிடி செயலிகளில் ஒன்று பாதியில் நின்றுவிடுகிறது, இன்னொன்று இந்தச் சாதனத்தில் இனி இயங்காது என்று சொல்லிவிட்டது.

போன மாதம் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு போட்டுக் கொடுத்தேன். அதிலிருந்து அம்மா விட்டுப்போன சீரியல்களைப் போனில் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு கண்ணிலும் புரை அறுவை செய்தவர். ஊருக்குப் போயிருந்தபோது பார்த்தேன், போனை மூக்குக்கு அரை அடி தூரத்தில் பிடித்துக்கொண்டு, கை வலித்தால் இந்தக் கைக்கு மாற்றி, அப்புறம் அந்தக் கைக்கு மாற்றி, எதிரே சுவரில் அவ்வளவு பெரிய டிவி சும்மா தொங்குகிறது. மனசு கேட்கவில்லை.

இப்போது மூன்று வழி தெரிகிறது. ஒன்று, டிவியில் செருகினால் யூடியூப், ஓடிடி செயலிகளை ஓட்டும் ஸ்டிக், நாலாயிரம் ஐயாயிரத்தில். இரண்டு, 43 அங்குலத்தில் புது டிவி, அது இருபதாயிரத்துக்கு மேல் போகும். மூன்று, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் 1,800 ரூபாய் ஆண்ட்ராய்டு பாக்ஸ், சந்தாவே கட்ட வேண்டாமாம். அப்பாவைக் கேட்டால், "ஓடுற டிவியை எதுக்குடா மாத்தணும்" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

செம்பருத்தி
முதலில் இதெல்லாம் சொல்லுங்கள். டிவியில் எச்டிஎம்ஐ துளை எத்தனை, ரூட்டர் எந்த அறையில், கரண்ட் போனால் ரூட்டருக்கு இன்வெர்ட்டர் உண்டா, உங்களிடம் இப்போது என்னென்ன சந்தா இருக்கிறது? சாதனத்தின் பெயரை அப்புறம் பேசலாம்.

காவிரிக்கரை
எச்டிஎம்ஐ இரண்டு இருக்கிறது, இரண்டும் காலி. கேபிள் பாக்ஸை மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயரில்தான் மாட்டியிருக்கிறார்கள். ரூட்டர் வாசல் அறையில், டிவி கூடத்தில், நடுவில் பழைய காலத்துச் சுவர், ஒன்றரை அடிக்குக் குறையாது. இன்வெர்ட்டர் உண்டு, ரூட்டர் அதில் வரவில்லை. சந்தா என்றால், நெட்ஃபிளிக்ஸில் 149 ரூபாய் மொபைல் திட்டம் என் பெயரில், ஜியோஹாட்ஸ்டாரில் ரீசார்ஜோடு வந்த மொபைல் திட்டம். அம்மாவுக்கு சன் டிவி, விஜய் டிவி சீரியல்கள், யூடியூபில் கதாகாலட்சேபம். அப்பாவுக்குக் கிரிக்கெட்டும் செய்தியும், அதைக் கேபிளிலேயே பார்த்துக்கொள்கிறார்.

பழைய ரேடியோ
தம்பி, டிவியை மாற்றாதீர்கள். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன், இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது.

ஸ்மார்ட் டிவி என்பது இரண்டு பொருள் ஒரே பெட்டிக்குள் இருப்பது. ஒன்று படம் காட்டும் பேனல், இன்னொன்று செயலிகளை ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டர். பேனல் பத்து வருடம் தாராளமாக உழைக்கும், உங்கள் வீட்டில் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் நாலைந்து வருடத்தில் கிழடாகிவிடும். டிவி கம்பெனி அப்டேட் கொடுப்பதை நிறுத்தும், செயலிக்காரர்கள் பழைய மாடல்களைக் கைவிடுவார்கள். 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ், 2010, 2011இல் வந்த சில சாம்சங் டிவிகளில் ஓடுவதை நிறுத்திவிட்டது. அந்த டிவிகளின் பேனல் நன்றாகத்தான் இருந்தது. உங்கள் டிவிக்கும் அதேதான் நடந்திருக்கிறது. மூளைதான் போயிருக்கிறது, கண் போகவில்லை. புது மூளையை எச்டிஎம்ஐயில் செருகினால் வேலை முடிந்தது.

இன்று இருபத்தைந்தாயிரம் கொடுத்து 43 அங்குலம் வாங்கினாலும் ஐந்து வருடம் கழித்து அதற்கும் ஒரு ஸ்டிக் செருகத்தான் போகிறீர்கள். அந்தப் பணத்தை அப்படியே வைத்திருங்கள்.

அடுத்து எந்த ஸ்டிக் என்பது. 32 அங்குலம், எச்டி ரெடி என்றால் பெரும்பாலும் 1366க்கு 768 புள்ளிதான். அதில் 4கே படம் தெரியவே தெரியாது. ஆனாலும் 4கே ஸ்டிக்கைப் பார்க்கச் சொல்வேன், படத்துக்காக இல்லை, மெமரிக்காக. அமேசானின் சாதா ஃபயர் டிவி ஸ்டிக் எச்டியில் 1 ஜிபி ராம், 4கே மேக்ஸில் 2 ஜிபி. ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது அந்த வித்தியாசம் தெரியும். வயதானவர்கள் பட்டனை அழுத்தி உடனே ஒன்றும் நடக்கவில்லை என்றால் மறுபடி அழுத்துவார்கள், அப்புறம் இரண்டு அழுத்தலும் சேர்ந்து எங்கோ கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் அட்டையில் 4கே என்று போட்டிருந்தாலே 2 ஜிபி என்று நினைத்துவிட வேண்டாம். 2025இல் வந்த 4கே செலக்ட் 1 ஜிபிதான், அதுவும் ஆண்ட்ராய்டு வழி வந்த இயங்குதளம் இல்லை, வேகா என்ற அமேசானின் சொந்த இயங்குதளம், கடையில் இல்லாத செயலியை வெளியிலிருந்து ஏற்ற முடியாது.

வடக்குவீதி
ரேடியோ அண்ணா சொல்வதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். ஸ்டிக் என்ன சிரஞ்சீவியா? அதுவும் கம்பெனியின் தயவில்தான் ஓடுகிறது. 2025 மார்ச் 9ஆம் தேதி ஞாபகம் இருக்கிறதா? 2015இல் வந்த இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட், கூகுளின் டிவியில் செருகும் சாதனம், உலகம் முழுக்க ஒரே நாளில் நின்றுபோனது. யாரும் எதையும் உடைக்கவில்லை, உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழின் பத்து வருடக் கெடு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். தயவுசெய்து ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுள் சொல்வதற்குள் பல பேர் செய்துவிட்டார்கள், அவர்களுக்குத்தான் கூடுதல் அவதி. சில நாளில் சரிசெய்தார்கள் என்பதும் உண்மை. அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே குரோம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்திவிட்டதாக அறிவித்தாகிவிட்டது.

என்னிடம் அந்த இரண்டாம் தலைமுறை இன்னும் இருக்கிறது, அதனால்தான் தேதியோடு சொல்கிறேன். வாங்க வேண்டாம் என்பதில்லை. நாலைந்து வருடத்துக்கு ஒரு செலவு என்று கணக்குப் போட்டு வாங்குங்கள்.

பழைய ரேடியோ
நியாயமான பேச்சு. ஐயாயிரத்தை ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 83 ரூபாய். அந்தக் கணக்கில்தான் நானும் சொன்னேன். டிவியை அப்படித் தூக்கிப்போட முடியாது, ஸ்டிக்கை மாற்றிக்கொள்ளலாம்.

செம்பருத்தி
காவிரிக்கரை, நீங்கள் சொன்ன சந்தா விவரத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய்த் திட்டம் போனிலும் டேப்லெட்டிலும் மட்டும்தான். டிவியில் ஓடாது, போனிலிருந்து டிவிக்கு அனுப்பவும் விடமாட்டார்கள். டிவிக்கு வேண்டுமென்றால் குறைந்தது 199 ரூபாய் பேசிக் திட்டம், அதில் படம் 720பிக்கு மேல் வராது, உங்கள் 32 அங்குலத்துக்கு அது போதும். ஜியோஹாட்ஸ்டாரிலும் மொபைல் திட்டம் என்றால் மொபைல்தான். ஸ்டிக் வாங்கி மாட்டிவிட்டு, உள்ளே நுழைந்து பார்த்தால் திட்டத்தை உயர்த்து என்று திரை வந்து நிற்கும், அம்மா முகத்தில் ஏமாற்றம் தெரியும். எங்கள் வீட்டில் நடந்தது.

சீரியல் விஷயமும் பிரிந்துதான் கிடக்கிறது. சன் டிவி சீரியல்களுக்கு சன் நெக்ஸ்ட், விஜய் டிவி சீரியல்களுக்கு ஜியோஹாட்ஸ்டார். அம்மாவுக்கு இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு சந்தா. பிரைம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், 2025 ஜூன் 17லிருந்து இந்தியாவில் பிரைம் வீடியோவிலும் விளம்பரம் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், விளம்பரம் வேண்டாமென்றால் தனியாகக் கட்ட வேண்டும். ஸ்டிக் விலை ஒருமுறைதான், சந்தா வருடா வருடம் வரும். அதை முதலில் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

நாலாம் மாடி
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்த 1,800 ரூபாய் பாக்ஸ் பற்றி யாரும் பேசவில்லையே? என் அலுவலகத்தில் இரண்டு பேர் வைத்திருக்கிறார்கள், எல்லாச் சேனலும் வருகிறதாம்.

வடக்குவீதி
அது வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

அந்த வகைப் பெட்டிகளில் பல, ஆண்ட்ராய்டு டிவிக்கான கூகுள் சான்றிதழ் இல்லாமல், திறந்த மூல ஆண்ட்ராய்டை அப்படியே ஏற்றி வருபவை. அவற்றில் நிறையப் பெட்டிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே, அல்லது முதல்முறை மாட்டும்போது, கெட்ட மென்பொருளோடு வருகின்றன. பேட்பாக்ஸ் 2.0 என்று அதற்குப் பெயர். 2025 ஜூனில் அமெரிக்க எஃப்பிஐ பொதுமக்களுக்கு எச்சரிக்கையே விட்டது, அடுத்த மாதம் கூகுள் வழக்குப் போட்டது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட சாதனங்கள் அந்த வலையில் இருப்பதாகச் சொன்னது. பெட்டி படம் காட்டிக்கொண்டேதான் இருக்கும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் யாரோ உங்கள் வீட்டு இணைய முகவரி வழியாகத் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதே வைஃபையில்தான் அப்பாவின் போனும் இருக்கிறது, அதில் பென்ஷன் வரும் வங்கிக் கணக்கின் செயலி இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சட்டப்படி சந்தா கட்டினாலும் அந்தப் பெட்டியில் படம் மங்கலாகத்தான் வரும். வைட்வைன் என்ற பாதுகாப்பு முறையில் எல்1, எல்3 என்று நிலைகள் இருக்கின்றன. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் எல்3தான், அதில் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை 480பிக்கு மேல் கொடுப்பதில்லை. அட்டையில் 8கே என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள்.

நாலாம் மாடி
இது எனக்குத் தெரியாது. இருவரிடமும் சொல்லிவிடுகிறேன்.

மல்லிகைப்பந்தல்
நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. ஆனால் இந்த இழையில் எல்லோரும் சாதனத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், அதைக் கையில் பிடிக்கப்போகிறவரைப் பற்றிப் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன் தம்பி.

எங்கள் மாமியாருக்கு 71 வயது. இரண்டு வருடம் முன்பு இதே யோசனையில் ஸ்டிக் வாங்கி மாட்டினோம். என் கணவர் அரைமணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அத்தை தலையாட்டிக்கொண்டே இருந்தார். மறுநாள் மதியம் நான் வேலையிலிருந்து வந்து பார்த்தால் டிவி நீலத் திரையாக, சிக்னல் இல்லை என்று நிற்கிறது. அத்தை எதிரே நாற்காலியில் மடியில் மூன்று ரிமோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "ஏதோ ஒண்ணை அமுக்கிட்டேன் போலிருக்கும்மா, கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். காலையிலிருந்து பயந்துகொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்குப் பாவமாகிவிட்டது.

கெடவெல்லாம் இல்லை. டிவி ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தியிருக்கிறார், திரை காலித் துளைக்குப் போய்விட்டது. அன்றைக்கு இரண்டு காரியம் செய்தேன். டிவியின் அமைப்புகளுக்குள் போய் எச்டிஎம்ஐ சிஇசியை இயக்கினேன். இதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது, சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அதை இயக்கிவிட்டால் ஸ்டிக் ரிமோட்டில் வீடு படம் போட்ட பட்டனை ஒருமுறை அழுத்தினால் போதும், டிவி தானாக எழுந்து ஸ்டிக் இருக்கும் துளைக்கு வந்துவிடும். அப்புறம் டிவியின் சொந்த ரிமோட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். ஸ்டிக் ரிமோட்டிலேயே டிவியின் சத்தமும் பவரும் இருக்கிறது, அது எதற்கு வெளியே?

அடுத்து வீடு பட்டனில் ஒரு சின்ன ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன், சிவப்புப் பொட்டு. எதாவது குழம்பினால் பொட்டை அழுத்துங்கள் அத்தை, முதலிலிருந்து வந்துவிடும் என்று சொன்னேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒருநாளும் என்னைக் கூப்பிடவில்லை. போன வாரம் எதிர்வீட்டு அம்மாவுக்கு அத்தையே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் கோவையில் இருக்கிறீர்கள், போனில் சொல்லிக்கொடுப்பது ரொம்பக் கஷ்டம். மாட்டிவிட்டு அன்றே கிளம்பாதீர்கள், மூன்று நாளாவது கூட இருங்கள். முதல் நாள் நீங்கள் போட்டுக் காட்டுங்கள், இரண்டாம் நாள் அவர் போடட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், மூன்றாம் நாள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.

செம்பருத்தி
அக்கா, இந்தப் பொட்டு யோசனையை நான் எடுத்துக்கொள்கிறேன். நன்றி.

பழைய ரேடியோ
அம்மணி சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான பதிவு. நான் ராம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காவிரிக்கரை தம்பிக்கு இன்னும் இரண்டு விஷயம். ஸ்டிக்கை டிவியின் பின்னால் உள்ள யூஎஸ்பியில் செருகி மின்சாரம் எடுக்காதீர்கள். பழைய டிவிகளில் அந்தத் துளை அரை ஆம்பியர்தான் தரும், ஸ்டிக்குக்கு ஒரு ஆம்பியராவது வேண்டும். படம் பாதி ஓடும்போது தானாக அணைந்து மறுபடி எழும், ஸ்டிக் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புவீர்கள். பெட்டியில் வரும் அடாப்டரையே போடுங்கள். சுவரில் ஸ்விட்ச் பாக்ஸில் காலி சாக்கெட் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள், டிவி, கேபிள் பாக்ஸ் இரண்டும் போக மூன்றாவது இருக்காது, நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று கூடவே வாங்கிவிடுங்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை. உங்கள் லேப்டாப்பை ஒரு எச்டிஎம்ஐ கேபிளில் அந்த டிவியோடு இணைத்து இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். கேபிள் 300 ரூபாய்க்குள் கிடைக்கும். அம்மா உட்கார்ந்து பார்க்கிறாரா, கண்ணுக்கு வசதியாக இருக்கிறதா, வைஃபை அந்தச் சுவரைத் தாண்டி வருகிறதா, மூன்றுக்கும் பதில் கிடைத்துவிடும்.

மாடித்தோட்டம்
ஹார்ட் டிஸ்கில் பழைய வீடியோ வைத்திருப்பவர்களுக்காக ஒரு வரி. பல ஸ்டிக்குகளில் இருக்கும் 8 ஜிபி சேமிப்பில் எதையும் கொட்டி வைக்க முடியாது, செயலிகளுக்கே காணாது. எங்கள் வீட்டில் அக்கா கல்யாண வீடியோ, தாத்தா சஷ்டியப்தபூர்த்தி எல்லாம் கேசட்டிலிருந்து மாற்றி 1 டிபி டிஸ்கில் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில், வீட்டிலுள்ள வீடியோக்களை டிவிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதே பெயர் செயலியை ஸ்டிக்கில் ஏற்றி, வீட்டு வைஃபையிலேயே பார்க்கிறோம். காசில்லை, சந்தா இல்லை, இணையம் போனாலும் வீட்டுக்குள் ஓடும். தாத்தா நடந்து வரும் அந்த இரண்டு நிமிடத்தைப் பாட்டி வாரம் ஒருமுறையாவது போடச் சொல்வார்.

காவிரிக்கரை
பதினைந்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஊருக்குப் போய் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

சனிக்கிழமை லேப்டாப்பைக் கேபிளில் மாட்டினேன். முதல் சிக்கல் வைஃபைதான். ரூட்டர் பக்கத்தில் போனில் வேகம் பார்த்தால் 40 எம்பிபிஎஸ், டிவிக்குக் கீழே 3, சில நேரம் 2. சுவர் அப்படியே தின்றுவிடுகிறது. நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் 720பிக்கே 3 வேண்டும். இதைப் பார்க்காமல் ஸ்டிக் வாங்கியிருந்தால் சுற்றிச் சுற்றி வட்டம்தான் பார்த்திருப்போம். கேபிள்காரத் தம்பியைக் கூப்பிட்டு, ஃபைபர் ஒயரைக் கதவு நிலைக்கு மேலாக இழுத்து ரூட்டரைக் கூடத்துக்கே கொண்டுவந்தோம், 400 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். இப்போது டிவிக்கு அருகே 38 வருகிறது. இன்வெர்ட்டர் லைனும் அங்கே இருந்ததால் அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது.

அம்மா முதல் நாள் லேப்டாப்பைத் தொடவே இல்லை, நான் போட்டதைப் பார்த்தார். கதாகாலட்சேபம் ஒன்று ஓடியது, இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், "பாகவதர் நெத்தியில இட்டிருக்கிற சந்தனம்கூடத் தெரியுதுடா" என்றார். போனில் இத்தனை நாள் அவர் குரலை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அதற்குமேல் யோசிக்கவில்லை. 2 ஜிபி உள்ள ஸ்டிக் வாங்கினேன், கூடவே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். நெட்ஃபிளிக்ஸை நிறுத்திவிட்டேன், அது எனக்குத்தான், அவர்களுக்குத் தேவையில்லை. சன் நெக்ஸ்டும், டிவியில் ஓடும் ஜியோஹாட்ஸ்டார் திட்டமும் போட்டேன். அப்பாவின் கேபிளைத் தொடவில்லை, அவருடைய ரிமோட் அவரிடமே. அவர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "டிவி அதேதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார், சந்தோஷம்தான்.

மல்லிகைப்பந்தல் அக்கா, சிவப்புப் பொட்டு ஒட்டியாயிற்று. அம்மாவின் நெற்றிப் பொட்டு அட்டையிலிருந்தே எடுத்து ஒட்டினோம். மூன்று நாள் இருந்தேன், நீங்கள் சொன்ன வரிசையில்தான். மூன்றாம் நாள் மாடிக்குப் போய்விட்டேன், கீழே சீரியல் பாட்டு கேட்டது.

ஒன்று மட்டும் பாக்கி. யூடியூபில் ஒரு காலட்சேபம் முடிந்தால் தானாக வேறு எதையோ போட்டுவிடுகிறது, அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எப்படி நிறுத்துவது?

செம்பருத்தி
டிவியில் யூடியூபைத் திறந்து இடது ஓரத்தில் கீழே அமைப்புகள், அதில் ஆட்டோபிளே என்று இருக்கும், அணைத்துவிடுங்கள். இன்னொன்று, அம்மாவின் கணக்கை உங்கள் போனிலும் சேர்த்து அதில் ஒரு பிளேலிஸ்ட் தொடங்குங்கள். கோவையிலிருந்து நீங்கள் அதில் எதைச் சேர்த்தாலும் அங்கே டிவியில் வரிசையாக வந்துவிடும், அவர் தேட வேண்டியதே இல்லை.

காவிரிக்கரை
ஆட்டோபிளேயை அப்பாவிடம் போனில் சொல்லி அணைத்தாயிற்று. பிளேலிஸ்டும் தொடங்கிவிட்டேன், இதுவரை பதினோரு காலட்சேபம் சேர்த்திருக்கிறேன். நாளைக்கு ஏகாதசி, அதற்குத் தகுந்த மாதிரி ஒன்று வேண்டும் என்று இப்போதுதான் அம்மா போன் செய்தார், தேடிக்கொண்டிருக்கிறேன்.